சாப்பிட்ட பிள்ளைக்கு ஒரு கோடு

அங்கன்வாடி உணவுக் கணக்கும் பெங்களூர்த் தமிழர் வீட்டுக் குழந்தைகளும்

கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு மேஸ்திரியின் ஹாஜரிப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் முழுவதும் வெயிலில் செங்கல் சுமந்திருந்தாலும், புத்தகத்தில் கோடு விழாவிட்டால் சனிக்கிழமைக் கூலியில் ஒரு நாள் குறையும். வேலைக்கே வராதவன் பெயரில் கோடு விழுந்தால், அந்தக் கூலி வேறு யாருடைய மடிக்கோ போகும். செய்த வேலையும் எழுதிய கணக்கும் ஒன்றாக இருந்தால்தான் உழைத்தவனுக்கு நியாயம் கிடைக்கும்.

இதே மாதிரியான ஒரு புத்தகம் அந்தத் தொழிலாளியின் மூன்று வயதுப் பிள்ளைக்கும் உண்டு. அது அங்கன்வாடியில் இருக்கிறது. பிள்ளை இன்று வந்ததா, சாப்பிட்டதா என்பதை அதில்தான் குறிக்கிறார்கள். பெற்றோர்களில் பலர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் பிள்ளையின் தட்டில் நாளைக்கு என்ன விழும் என்பதற்கும் அந்தப் புத்தகத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

அணாவில் தொடங்கிய கணக்கு

குழந்தைகளுக்குச் சோறு போடும் திட்டம் தமிழர்களுக்குப் புதியது அல்ல. 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்பது அப்போது வைத்த நிபந்தனை. அன்றைக்கே செலவைத் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிட்டார்கள். தலையை எண்ணாமல் அணாவை எண்ண முடியாது அல்லவா?

பிறகு 1956இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்களில் இரண்டு வயது முதலே குழந்தைகளுக்கு மையங்களில் உணவு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் அது விரிந்தது. இன்றைக்குப் பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் எத்தனையோ பேர் அந்தச் சத்துணவு மையங்களில் தட்டேந்தி வளர்ந்தவர்களே.

மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி, நாட்டில் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. கர்நாடகத்தில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்த டி. நரசிபுரம். அங்கன்வாடி என்ற பெயர் இந்தத் திட்டத்தோடு வந்ததுதான். அங்கணம் என்றால் முற்றம். அந்த முற்றங்கள் இப்போது பெங்களூரின் மூலை முடுக்கெல்லாம் இருக்கின்றன. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா, லிங்கராஜபுரம் என்று தமிழர்கள் கூடி வாழும் பகுதிகளிலும் உண்டு.

தருமமா, உரிமையா?

"அரசாங்கம் போடுகிற சோறு, கிடைத்தவரைக்கும் லாபம்" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சரியல்ல. 2001ஆம் ஆண்டு மக்கள் குடிமை உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், அதே ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி உணவு கிடைக்க வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13ஆம் தேதி உத்தரவு அதை மேலும் உறுதி செய்தது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், நீதிமன்ற உத்தரவாக இருந்தது சட்டமாகவே ஆகிவிட்டது.

அந்தச் சட்டத்தின் அட்டவணை, மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடான சாப்பாடும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று நிர்ணயித்தது. 2023ஆம் ஆண்டு அட்டவணையைத் திருத்தினார்கள். வயிறு நிறைவதோடு, பல வகை உணவு, நல்ல புரதம், நுண்சத்துக்கள் ஆகியவையும் வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். கர்நாடக அரசு 2013 ஆகஸ்டில் தொடங்கிய க்ஷீர பாக்கியத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு 150 மில்லி லிட்டர் பாலும் கிடைத்தது.

உரிமை என்று வந்துவிட்டால், கிடைத்ததா இல்லையா என்று கேட்கும் கேள்வியும் வந்துவிடுகிறது. அதற்குப் பதில் சொல்ல ஒரே சாட்சி அந்த உணவுப் பதிவேடுதான்.

மூன்று எண்கள்

அங்கன்வாடியில் மூன்று எண்கள் உண்டு. மூன்றும் வேறு வேறு. அவற்றைக் குழப்பிக் கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் எண், பெயர் பதிவு செய்த பிள்ளைகள். ஒரு மையத்தில் 40 பிள்ளைகள் பதிவாகி இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

இரண்டாவது எண், அன்றைக்கு வந்த பிள்ளைகள். காய்ச்சல், ஊர்ப் பயணம், மழை என்று எட்டுப் பேர் வரவில்லை. வந்தது 32.

மூன்றாவது எண், சாப்பிட்ட பிள்ளைகள். வந்த 32 பேரில் இரண்டு பேரைப் பாட்டி வந்து சாப்பாட்டுக்கு முன்பே அழைத்துப் போய்விட்டார். சாப்பிட்டது 30.

உணவுக் கணக்கில் எழுத வேண்டியது இந்த 30 மட்டுமே. பதிவேட்டில் உள்ள 40ஐயும் எழுதக் கூடாது. காலையில் எடுத்த வருகையை அப்படியே காப்பி அடித்து 32 என்றும் எழுதக் கூடாது.

இதற்கு வழி ஒன்றுதான். தட்டு பிள்ளையின் முன்னால் வைக்கப்படும்போதே, பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். தட்டை எண்ணினால் போதாது. ஒரு பிள்ளை இரண்டாம் தரம் வாங்கினால் அது இன்னொரு பிள்ளை ஆகாது. உதவியாளர் சாப்பிட்ட தட்டும் பிள்ளையின் தட்டு ஆகாது. அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்த பதிவில்லாத தம்பி சாப்பிட்டால், அவனை இருக்கிற பெயர் எதிலாவது ஏற்றிவிடக் கூடாது. அவனைத் தனியாகக் குறித்து, உடனே பதிவு செய்ய வேண்டும்.

தவறு நுழையும் வாசல்கள்

கர்நாடகத்தில் அங்கன்வாடிப் பணியாளரைக் காரியகர்த்தெ என்றும், உதவியாளரைச் சகாயகி என்றும் அழைப்பார்கள். பிள்ளைகளுக்கு அவர் 'டீச்சர்'. மையத்துக்கு இந்த இரண்டு பேர்தான். சகாயகி சமைப்பார், பெருக்குவார், பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்து வருவார். டீச்சர் பாட்டுச் சொல்லித்தர வேண்டும், எடை பார்க்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், கணக்கும் எழுத வேண்டும்.

2012ஆம் ஆண்டு கணக்கு முறையைச் சீர்திருத்தியபோது, ஒரு மையத்துக்கு 11 பதிவேடுகள் என்று வகுத்தார்கள். குடும்ப விவரம், உணவு இருப்பு, உணவு வழங்கல், முன்பருவக் கல்வி, கர்ப்பம் மற்றும் பேறு, தடுப்பூசி, வைட்டமின் ஏ, வீட்டுப் பார்வை, மேல்சிகிச்சைக்கு அனுப்பியது, மாதத் தொகுப்பு, எடைப் பதிவு ஆகியவையே அந்தப் பதினொன்று. ஆறு பிள்ளைகள் அழுது கொண்டிருக்கும்போது இத்தனை புத்தகத்தை விரித்து வைத்து எழுதுவது லேசான காரியம் அல்ல.

ஆகவே, "சாயங்காலம் எழுதிக் கொள்ளலாம்" என்ற எண்ணம் வருகிறது. சாயங்காலம் நாளைக்குப் போகிறது. நாளை மாதக் கடைசிக்குப் போகிறது. மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் வருகிற அன்று, ஞாபகத்தில் இருந்து 25 நாளையும் ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள். அப்போது 38, 38, 38 என்று ஒரே எண் வரிசையாக வந்துவிடுகிறது.

கணக்குத் தெரிந்தவர் கண்ணுக்கு இது உடனே பட்டுவிடும். பிள்ளைகள் ராணுவச் சிப்பாய்கள் அல்ல. திங்கட்கிழமையும், மழை நாளும், பண்டிகைக்கு மறுநாளும் ஒரே மாதிரி வர மாட்டார்கள். எண் கூடியும் குறைந்தும் இருப்பதுதான் உண்மையான கணக்குக்கு அடையாளம். ஏறி இறங்காத கணக்கு எழுதிய கணக்கல்ல, நிரப்பிய கணக்கு.

கூட்டினாலும் கேடு, குறைத்தாலும் கேடு

கொஞ்சம் கூட்டி எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் அரிசி என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

தினம் 32 பிள்ளைகள் சாப்பிட்டால், 25 நாளில் 800 சாப்பாடு. அதற்கு 40 கிலோ அரிசி. கணக்கில் தினம் 40 என்று எழுதினால் 1,000 சாப்பாடு, 50 கிலோ அரிசி ஆகும். வித்தியாசம் 10 கிலோ. அந்தப் பத்துக் கிலோ சாக்கிலேயே இருந்தால் இருப்புப் புத்தகத்தோடு ஒத்துப் போகாது. சாக்கில் இல்லை என்றால் எங்கே போயிற்று என்ற கேள்வி வரும். மனசாட்சி உள்ள பணியாளர்கூட, ஒரு கவனக்குறைவால் திருட்டுப் பழியைச் சுமக்க நேரிடும்.

குறைத்து எழுதினாலோ வேறு விபரீதம். தினம் 38 பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், புத்தகத்தில் 30. அடுத்த மாதத்துக்கு 30 பேருக்கு என்று 37.5 கிலோ வருகிறது. 38 பிள்ளைக்குத் தினம் 1.9 கிலோ வேண்டும். பத்தொன்பது நாள் சமாளிக்கலாம். இருபதாம் நாள் அரிசி பற்றாது. இருபத்தோராம் நாள் சாக்கு காலி. அல்லது முதல் நாளிலிருந்தே கரண்டியின் அளவு சுருங்கும். எந்தப் பிள்ளையின் பெயரும் விடுபடாது. எல்லாப் பிள்ளையின் வயிறும் கொஞ்சம் கொஞ்சம் குறையும்.

இவை இரண்டையும்விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மாதத்தில் 21 நாளுக்குக் குறையாமல் சாப்பிட்ட பிள்ளைகள் எத்தனை என்று மாதத் தொகுப்பில் காட்ட வேண்டும். எடைப் பதிவேட்டை அதோடு வைத்துப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளை உண்மையில் பத்து நாள்தான் வந்தது. கணக்கில் 25 நாள் சாப்பிட்டதாக இருக்கிறது. எடையோ இறங்கியிருக்கிறது. பார்க்கிற டாக்டர் என்ன நினைப்பார்? நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதே, பூச்சியா, வேறு நோயா என்று தேடுவார். பிள்ளைக்கு வேண்டியது மருந்தல்ல, சோறு. கணக்கில் கொழுத்து, தராசில் இளைக்கும் அந்தப் பிள்ளையைப் பொய்க்கோடு காட்டிக் கொடுக்காமல் மறைத்துவிடுகிறது.

தணிக்கை கண்டது

கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2012-13ஆம் ஆண்டு அறிக்கை, 2006-07 முதல் 2010-11 வரை நாடெங்கும் இந்தத் திட்டம் நடந்த விதத்தை ஆராய்ந்தது. உணவு பெறத் தகுதியுள்ளவர்கள் என்று கண்டறிந்தவர்களுக்கும், உண்மையில் பெற்றவர்களுக்கும் இடையே 33 முதல் 45 சதவிகிதம் வரை இடைவெளி இருந்ததாக அது கூறியது. மூன்று பேரில் ஒருவருக்காவது போய்ச் சேரவில்லை என்பதே இதன் பொருள். இந்த இடைவெளி வெளிச்சத்துக்கு வந்ததே, யாரோ இரண்டு எண்களைத் தனித்தனியாக எழுதி வைத்ததால்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருந்தால், எல்லாரும் சாப்பிட்டதாகவே உலகம் நினைத்திருக்கும்.

அமெரிக்காவிலும் அதே கதை

இது ஏழை நாட்டுத் தொல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1968 முதல் குழந்தைகள் காப்பகங்களுக்கு உணவுக்காக அரசு பணம் தருகிறது. எத்தனை சாப்பாடு பரிமாறினார்களோ அதற்குத் தக்கபடி பணம். ஆகவே பரிமாறும்போதே எண்ண வேண்டும் என்று பல மாநிலங்கள் வற்புறுத்துகின்றன. ஆய்வுக்கு வருகிறவர்கள் தொடர்ந்து ஐந்து நாள் கணக்கை எடுத்து, பதிவு, வருகை, சாப்பாடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். வந்த பிள்ளையைவிடச் சாப்பிட்ட பிள்ளை அதிகமாக இருந்தால் அங்கேயே பிடி விழும்.

இத்தனை இருந்தும், கொரோனா காலத்தில் மின்னசோட்டா மாநிலத்தில் பெரிய மோசடி நடந்தது. 'ஃபீடிங் அவர் ஃப்யூச்சர்' என்ற அமைப்பைச் சுற்றி, இல்லாத பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டதாகக் கணக்கு எழுதிப் பணம் வாங்கினார்கள். 2022 செப்டம்பரில் முதலில் 47 பேர் மீது வழக்குப் போட்டார்கள். மோசடித் தொகை சுமார் 25 கோடி டாலர் என்று அரசுத் தரப்பு கூறியது. அமைப்பின் நிறுவனர் குற்றவாளி என்று 2025 மார்ச்சில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். கட்டுக்கட்டாக வருகைப் பட்டியல்கள் இருந்தன. பட்டியலில் பெயர்கள் இருந்தன. பெயருக்கு உரிய பிள்ளைகள்தான் இல்லை.

கைபேசி வந்தபின்

2021 மார்ச் மாதம் மத்திய அரசு போஷன் டிராக்கர் என்ற கைபேசிச் செயலியைக் கொண்டு வந்தது. வருகை, உணவு, எடை எல்லாவற்றையும் டீச்சர் அதில் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுப் பொட்டலத்தை வாங்க வருகிறவர்களின் முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கும் முறையும் 2025 ஜூலையில் கட்டாயமானது.

இதில் நன்மை உண்டு. மேலிடத்தில் உள்ளவர்களுக்கு அன்றன்றைய எண் தெரிகிறது. ஆனால் கைபேசி தானாகப் பிள்ளையை எண்ணுவதில்லை. நெட்வொர்க் கிடைக்காத நாளில் என்ன செய்வது? ஒரு சின்ன நோட்டில் பெயருக்கு நேரே கோடு போட்டு வைத்துக் கொண்டு, பிறகு செயலியில் ஏற்றுவதுதான் பத்திரமான வழி. முதலில் கோடு, பிறகு கூட்டல், அதன் பிறகு கைபேசி. இந்த வரிசை மாறினால் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கணக்கு பொய்யாகத்தான் இருக்கும்.

ஊர் விட்டு வந்த பிள்ளை

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் தனிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டி வருகின்றன. பிள்ளையின் பெயர் ஊரில் உள்ள அங்கன்வாடியில் இருக்கிறது. பிள்ளையோ இங்கே சைட்டில் மணல் குவியலில் விளையாடுகிறது. ஊர்க் கணக்கில் இருக்கிற பிள்ளை அங்கே சாப்பிடவில்லை. இங்கே இருக்கிற பிள்ளை இங்கே கணக்கில் இல்லை. பெயர் இரண்டு இடத்தில் இருந்தாலும் தப்பு, ஒரு இடத்திலும் இல்லாவிட்டால் அதைவிடத் தப்பு.

இதற்கு வழி உண்டு. குடும்பம் இடம் மாறினால், போஷன் டிராக்கரில் பெயரை ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு, மாநிலம் விட்டு மாநிலம்கூட, மாற்றிக் கொள்ளலாம். குழந்தைக்கு ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. தாயின் ஆதாரைக் கொண்டே பதிவு செய்யலாம், குழந்தையின் ஆதார் கட்டாயமில்லை என்று மத்திய அமைச்சகம் 2022இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். பசிக்குச் சொந்த மாநிலம் கிடையாது.

பெற்றோர் செய்யக் கூடியவை

கணக்கு எழுதுவது டீச்சரின் வேலைதான். ஆனால் கணக்குச் சரியாக இருக்கப் பெற்றோரும் கை கொடுக்க வேண்டும்.

குடும்பம் ஊரிலிருந்து வந்த வாரத்திலேயே பக்கத்து அங்கன்வாடிக்குப் போய்ப் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டும். பெயரையும் பிறந்த தேதியையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு வழக்கப்படி ஓரிடத்தில் இன்ஷியல், இன்னோரிடத்தில் அப்பா பெயர் என்று கொடுத்தால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும்.

பொங்கலுக்கோ, திருவிழாவுக்கோ ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டால் அதையும் தெரிவிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பே பிள்ளையை அழைத்துப் போனால், சொல்லிவிட்டு அழைத்துப் போக வேண்டும்.

கர்நாடக அங்கன்வாடிகளில் பால விகாச சமிதி என்ற குழு உண்டு. தாய்மார்கள் அதில் உறுப்பினர்கள். மையம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அதன் பொறுப்பு. கன்னடம் படிக்கத் தெரியாது என்று தமிழ்த் தாய்மார்கள் அதிலிருந்து ஒதுங்கி நிற்கிறார்கள். பதிவேட்டில் பெயர் கன்னடத்தில் இருக்கலாம். ஆனால் கோட்டுக்கு மொழி கிடையாது. தன் பிள்ளையின் வரிசை எது என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்து கொண்டால், பிள்ளை வராத நாளில் கோடு இருக்கிறதா, வந்த நாளில் விடுபட்டிருக்கிறதா என்று யாரும் பார்த்துவிடலாம்.

ஆபீசில் பேரேடு எழுதும் குமாஸ்தாக்களுக்கு இதில் ஒரு நல்ல வேலை காத்திருக்கிறது. தங்கள் தெரு அங்கன்வாடியில் சமிதியின் சம்மதத்தோடு, மாதம் ஒரு முறை உட்கார்ந்து, ஏதாவது ஐந்து நாள் கணக்கை ஒத்துப் பார்த்துக் கொடுக்கலாம். பதிவு, வருகை, சாப்பாடு, அரிசி இருப்பு ஆகிய நான்கையும் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். போகிறவர் போலீஸ்காரரைப் போல விறைத்துக்கொண்டு போகாமல், கூட்டல் போட்டுக் கொடுக்கும் அண்ணனாகப் போனால், அந்த டீச்சரும் மகிழ்ச்சியோடு புத்தகத்தை எடுத்து நீட்டுவார். பதினொரு புத்தகம் சுமக்கிறவருக்கு ஒரு துணை கிடைப்பது சின்ன உதவியா?

இந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது, "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். பெரியவர்கள் வாய் திறந்து பதில் சொல்லிவிடுவார்கள். வேலைக்குப் போன தாய் இல்லாத நேரத்தில், மூன்று வயதுப் பிள்ளைக்காக அந்தப் பதிலைச் சொல்வது பெயருக்கு நேரே விழுகிற ஒரு கோடு. அந்தக் கோடு உண்மையாக இருக்கும்படி பார்த்துக் கொள்வது எல்லாருடைய கடமையும் ஆகும்.